கேட்பது யார்? கருவிகளுக்கு எண் வந்த கதை

கணினியின் நினைவகத்தில் எழுதுவது யார் என்று கேட்டால் பெரும்பாலோர் செயலி என்றுதான் சொல்வார்கள். பாடப்புத்தகத்துப் படமும் அப்படித்தான் இருக்கும். நடுவில் செயலி, ஒரு பக்கம் நினைவகம், சுற்றிலும் விசைப்பலகை, திரை, வட்டு. எல்லா அம்புக்குறிகளும் செயலிக்குள் புகுந்துதான் வெளியே வரும். பொறியியல் கல்லூரியில் எங்களையும் அதைத்தான் வரையச் சொன்னார்கள்.

நடப்பது வேறு. இந்தக் கட்டுரையை நீங்கள் கைபேசியில் திறந்தபோது இதன் எழுத்துகள் வைஃபை சில்லின் வழியாக உள்ளே வந்தன. அந்தச் சில்லு செயலியைக் கூப்பிட்டு ஒவ்வொரு பைட்டாகக் கையில் கொடுக்கவில்லை. நேராக நினைவகத்துக்குப் போய் எழுதிவிட்டு, "வெச்சாச்சு, பாத்துக்கோ" என்று செயலிக்கு ஒரு குரல் மட்டும் கொடுத்தது. திரையில் எழுத்து தெரிவதும் அப்படியே. திரையை இயக்கும் சில்லு தானாகவே நினைவகத்தைப் படித்துப் படித்து வரைந்துகொண்டிருக்கிறது. வட்டு, கேமரா, ஒலி எல்லாமே இந்த வகைதான். செயலி அனுமதித்த பிறகு, செயலியைக் கேட்காமல் நினைவகத்தைத் தொடும் கருவிகள். இந்த உரிமைக்கு டிஎம்ஏ என்று பெயர்.

சரி, அப்படித் தொடும்போது, தொடுவது யார் என்று நினைவகத்துக்கு எப்படித் தெரியும்? வைஃபை சில்லு தனக்கு ஒதுக்கிய இடத்தில்தான் எழுதுகிறதா, பக்கத்தில் உங்கள் கடவுச்சொல் இருக்கும் இடத்தைப் படிக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

என் வேலை லினக்ஸ் கெர்னலில் பஸ் டிரைவர்களோடு. ஒரு கருவியின் அடையாள எண்ணை எடுத்து, நினைவக வாசலில் நிற்கும் காவலுக்குப் புரியும் இன்னொரு எண்ணாக மாற்றிக் கொடுப்பது அதில் ஒரு சின்னப் பகுதி. பத்துப் பன்னிரண்டு வரி நிரல்தான். போன வருடம் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, டிவைசுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேரு இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு நம்பர், அதை இன்னொரு நம்பரா மாத்த ஒரு டேபிள்?" நியாயமான கேள்வி. அதற்கான பதில் நிரலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

கை நீட்டும் உரிமை

1954இல் வந்த ஐபிஎம் 704இல் இந்தச் சிக்கலே கிடையாது. காந்த நாடாவிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் செயலியே வாங்கி நினைவகத்தில் வைத்தது. நாடா மெதுவானது, செயலி வேகமானது. லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள இயந்திரம் நாடாவுக்காகக் கை கட்டிக் காத்திருந்தது.

1957இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 709 இதற்கு ஒரு வழி சொன்னது. சேனல் என்ற தனிப் பொறி. "இந்த நாடாவிலிருந்து இத்தனை சொற்களை எடுத்து இந்த இடத்தில் வை" என்று செயலி அதற்கு ஒரு கட்டளைப் பட்டியலைக் கொடுத்துவிட்டுத் தன் கணக்கைப் பார்க்கப் போய்விடும். சேனல் தானே நினைவகத்துக்குள் போய்வரும்.

உரிமை கொடுத்தாயிற்று. அடுத்து வந்தது பயம். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் இயந்திரமாகவே யோசித்திருந்தார்கள். ஒருவரின் சம்பளக் கணக்கு நினைவகத்தில் இருக்கும்போதே இன்னொருவரின் நிரலுக்காகச் சேனல் உள்ளே எழுதும். பட்டியலில் முகவரி ஒரு இலக்கம் மாறினால் போதும், சம்பளக் கணக்கு காலி.

அவர்களது விடை எளிமையானது. நினைவகத்தை 2,048 பைட் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 பிட்டில் ஒரு சாவி எண் போட்டார்கள். மொத்தம் 16 சாவிகள். செயலியில் ஓடும் நிரலிடம் ஒரு சாவி இருக்கும். முக்கியமான விஷயம், சேனலுக்கும் ஒரு சாவி கொடுத்தார்கள். சேனல் வேலையைத் தொடங்கும்போது படிக்கும் முதல் சொல்லிலேயே, முகவரிக்கு முன்னால் அந்தச் சாவி இருக்கும். கட்டத்தின் சாவியும் கையிலிருக்கும் சாவியும் பொருந்தாவிட்டால் எழுத முடியாது. பூஜ்யம் மட்டும் எல்லாப் பூட்டையும் திறக்கும். அதை இயக்க முறைமை தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஆக, "கேட்பது யார்?" என்ற கேள்வி 1964லேயே வன்பொருளில் இருந்தது. வங்கிகளும் அரசுகளும் வாங்கிய இயந்திரங்களில் இருந்த அந்தக் கேள்வி, பின்னால் மேசைக்கு வந்த கணினிகளில் காணாமல் போய்விட்டது என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரம்.

இரண்டு வரைபடங்கள்

நடுவே இன்னொரு மாற்றம் நடந்தது. 1962 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் கணினி இயங்கத் தொடங்கியது. டாம் கில்பர்னின் குழு அதில் ஒரு புதுமையைச் செய்திருந்தது. நிரல் சொல்லும் முகவரியும் நினைவகத்தின் உண்மையான முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக எல்லாவற்றையும் பிரித்து, எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று வன்பொருளே பார்த்து மாற்றிக்கொள்ளும். நிரலுக்குத் தன்னிடம் ஒரே நீளமான பெரிய நினைவகம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும், பாதி சுழலும் காந்த உருளையில் இருக்கும். இதைத்தான் இன்று மெய்நிகர் நினைவகம் என்கிறோம்.

நிரல் எழுதுபவர்களுக்கு இது வரம், கருவிகளுக்குத் தலைவலி. முகவரியை மாற்றிக்கொள்ளும் வன்பொருள் செயலிக்குள் இருக்கிறது. வெளியே நிற்கும் சேனலுக்கு அந்த வரைபடம் தெரியாது. 1972இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/370இல் மெய்நிகர் நினைவகத்தைக் கொண்டுவந்தபோது சேனல்கள் அசல் முகவரிகளையே புரிந்துகொண்டன. எனவே நிரல் எழுதிய கட்டளைப் பட்டியலை இயக்க முறைமை வாங்கி, ஒவ்வொரு முகவரியையும் அசலாக மாற்றி, அந்தப் பக்கங்கள் நடுவில் இடம் மாறாதபடி ஆணி அடித்துவிட்டு, பிறகுதான் சேனலிடம் கொடுத்தது. லினக்ஸில் டிரைவர் எழுதுகிறவர்கள் இன்றும் அதே காரணத்துக்காகப் பக்கங்களை ஆணியடிக்கிறார்கள்.

கருவிகளுக்கும் ஒரு வரைபடம் கொடுத்துவிட்டால் என்ன? 1977இல் டெக் நிறுவனம் வெளியிட்ட வாக்ஸ்-11/780 அதைச் செய்தது. வாக்ஸ் புதியது. ஆனால் வாடிக்கையாளர்களிடம் இருந்த வட்டுகளும் அச்சுப்பொறிகளும் பழைய யூனிபஸ் வகை. யூனிபஸ் முகவரிக்கு 18 பிட்தான், அதாவது 256 கிலோபைட்டுக்கு மேல் அதற்கு உலகமே தெரியாது. வாக்ஸின் நினைவகமோ அதைவிடப் பெரியது. நடுவில் ஒரு மாற்றுப் பெட்டியை வைத்து, அதில் 496 பதிவேடுகளைக் கொடுத்தார்கள். 256 கிலோபைட்டை 512 பைட் பக்கங்களாகப் பிரித்தால் 512 வரும். அதில் 16 பக்கங்கள் கருவிகளின் சொந்தக் கட்டுப்பாட்டுக்கு. மீதி 496. ஒவ்வொரு பதிவேடும், "யூனிபஸ் பக்கம் இது, வாக்ஸ் நினைவகத்தில் அது" என்று சொல்லும்.

இன்று ஐஓஎம்எம்யூ என்று நாம் அழைக்கும் காவலின் மூதாதை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஒரு குறை. அந்தப் பெட்டிக்கு முகவரி மட்டும்தான் தெரியும், கேட்பது யார் என்று தெரியாது. யூனிபஸில் தொங்கும் எந்தக் கருவி அந்த முகவரியைச் சொன்னாலும் ஒரே கதவு திறக்கும். வட்டுக்காகத் திறந்த வாசலில் அச்சுப்பொறியும் நுழையலாம்.

சிஸ்டம்/360இல் கேட்பவருக்குச் சாவி இருந்தது, வரைபடம் இல்லை. வாக்ஸில் வரைபடம் இருந்தது, சாவி இல்லை. மேசைக் கணினிகளில் இந்த இரண்டும் ஒன்றுசேர இன்னும் முப்பது வருடம் ஆனது.

எல்லோருக்குமான பாதை

பஸ் என்ற சொல்லை நாம் சாலையில்தான் முதலில் கேட்கிறோம். கணினியின் பஸ்ஸும் சாலையின் பஸ்ஸும் ஒரே லத்தீன் சொல்லில் முடிகின்றன: ஆம்னிபஸ், எல்லோருக்கும் உரியது. யார் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் பஸ் அந்தப் பெயருக்கு முழுக்கப் பொருத்தமாக இருந்தது. இன்டெல்லின் 8237 என்ற சில்லு கருவிகளுக்காக நினைவகத்தைத் தொட்டது. வரைபடமும் கிடையாது, சாவியும் கிடையாது. ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு நேரத்தில் ஒரு நிரல். யாரிடமிருந்து யாரைக் காப்பது?

1992இல் இன்டெல் பிசிஐ பஸ்ஸைக் கொண்டுவந்தது. இப்போது நடுவில் 8237 போன்ற தரகர் தேவையில்லை. ஒவ்வொரு அட்டையும் தானே பஸ்ஸின் எஜமானாக மாறி நினைவகத்துக்குள் போகலாம். யாருக்கு முறை என்று தீர்மானிக்க ஒரு நடுவர் உண்டு. ஒவ்வொரு அட்டையிலிருந்தும் நடுவருக்குத் தனிக் கம்பி போகும். அதனால் இப்போது பேசுவது எந்த அட்டை என்று நடுவருக்குத் தெரியும். ஆனால் முறை கிடைத்த பிறகு பஸ்ஸில் போகும் கோரிக்கையில் முகவரியும் தரவும் மட்டுமே இருக்கும், அனுப்புநர் பெயர் இருக்காது. ஒரு கடிதத்தில் பெறுநர் விலாசம் மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்டது போல. நினைவகம் அதைப் பிரித்துச் சொன்னபடி செய்யும்.

பிசிஐ அட்டைக்குப் பெயரே இல்லை என்று பொருளல்ல. பஸ் எண், அதில் கருவி எண், அதற்குள் செயல்பாட்டு எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருந்தது. செயலி அட்டையைக் கூப்பிட அந்த விலாசம் பயன்பட்டது. அட்டை நினைவகத்தைக் கூப்பிடும்போது அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதிகாரம் மேலிருந்து கீழே போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கீழிருந்து மேலே போகும் கைக்கு முகம் இல்லை.

ஐபாட் கொடுத்த அதிர்ச்சி

இது ஆபத்து என்று வல்லுநர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எல்லோருக்கும் புரியும்படி காட்டியவர் மாக்சிமிலியன் டோர்ன்சைஃப். 2004இல் ஜப்பானில் நடந்த பாக்செக் பாதுகாப்புக் கருத்தரங்கில் ஒரு ஐபாடைக் கொண்டே அதைச் செய்து காட்டினார். அன்று ஐபாடும் கணினியும் ஃபயர்வயர் கம்பியில் இணையும். வேகத்துக்காக ஃபயர்வயரின் தரம், மறுமுனையில் இருக்கும் கருவி கணினியின் நினைவகத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் இடம் கொடுத்திருந்தது. ஐபாடில் லினக்ஸை ஏற்றி, கணினியில் செருகி, உள்ளே இருப்பதைப் படித்தார். கடவுச்சொல் கேட்கவில்லை, எந்த நிரலையும் கணினியில் ஓடவிடவில்லை. 2006இல் ஆடம் பாய்லோ அதே வழியில், பூட்டிய விண்டோஸ் கணினியை ஃபயர்வயர் மூலமே திறந்து காட்டினார்.

இதில் வன்பொருள் பழுது எதுவும் இல்லை, எழுதி வைத்த தரத்தின்படியே எல்லாம் நடந்தது. பாட்டுப் பெட்டிக்கும் இயக்க முறைமைக்கும் நினைவகத்தின் முன்னால் ஒரே மரியாதை, அவ்வளவுதான்.

பதினாறு பிட்டில் ஒரு பெயர்

இதற்குள் கீழே ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருந்தது. பிசிஐயின் வழித்தோன்றலான பிசிஐ-எக்ஸ், அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டிலும் கோரிக்கையோடு அனுப்புநரின் எண்ணும் சேர்ந்து வந்தது. 16 பிட். பஸ்ஸுக்கு 8, கருவிக்கு 5, செயல்பாட்டுக்கு 3. மொத்தம் 65,536 பெயர்கள். பாதுகாப்பு இதன் முதல் நோக்கமல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸில் கோரிக்கைகள் பொட்டலங்களாகப் போகின்றன. பதில் பொட்டலம் யாருக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிய வேண்டாமா? அதற்காக எழுதிய பெயர்தான். தபாலில் அனுப்புநர் விலாசமும் இதற்காகத்தானே வந்தது?

பெயர் வந்ததும் காவலை நிறுத்த முடிந்தது. 2006இல் இன்டெல்லும் ஏஎம்டியும் தத்தம் ஐஓஎம்எம்யூ வரையறைகளை வெளியிட்டன. பொட்டலம் வந்ததும் அனுப்புநர் எண்ணைப் பார், அந்த எண்ணுக்குரிய வரைபடத்தை எடு, அதில் இந்த முகவரி இருந்தால் அசல் முகவரியாக மாற்றி உள்ளே விடு, இல்லையென்றால் திருப்பி அனுப்பு. இன்டெல் இரண்டு படியில் தேடியது: முதலில் பஸ் எண்ணுக்கு 256 வரி அட்டவணை, பிறகு கருவிக்கும் செயல்பாட்டுக்கும் இன்னொரு 256 வரி. ஏஎம்டி ஒரே நீண்ட அட்டவணையாக வைத்தது. 65,536 வரிகள், வரிக்கு 32 பைட். லினக்ஸில் இன்டெல்லின் ஐஓஎம்எம்யூ டிரைவர் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் சேர்ந்தது.

1964இன் சாவியும் 1977இன் வரைபடமும் இப்போதுதான் ஒரே இடத்தில் சேர்ந்தன. சேர்ந்ததும் புதிய ஒரு தொழிலே கிளம்பியது. ஒரே சர்வரில் பலருடைய இயக்க முறைமைகள் ஓடும் மேகக் கணினியில், ஒரு நெட்வொர்க் கார்டை அப்படியே ஒரு வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கலாம். கார்டு அவர் சொல்படி ஆடும், ஆனால் அவருடைய நினைவகத்துக்கு வெளியே கை நீட்ட முடியாது. 2012இல் லினக்ஸ் 3.6இல் வந்த விஎஃப்ஐஓ இதற்கான ஏற்பாடு.

ஆனால் பெயரை நம்பி காவல் போட்டால், பெயரைத் தப்பாகச் சொல்கிறவர்களை என்ன செய்வது? பொய்யர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, கவனக்குறைவானவர்கள். மார்வெல் நிறுவனத்தின் சில வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுகள் 0ஆம் செயல்பாடாகத் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, நினைவகத்துக்குப் போகும்போது 1ஆம் செயல்பாடு என்று பெயர் சொல்லின. அப்படி ஒரு செயல்பாடே அந்தச் சில்லில் கிடையாது. ரிக்கோவின் சில சில்லுகள் எந்தச் செயல்பாடு பேசினாலும் 0 என்றே கையெழுத்துப் போட்டன. காவல் இல்லாத காலத்தில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. ஐஓஎம்எம்யூவை இயக்கியதும் வட்டு வேலை செய்யவில்லை. பழைய பிசிஐ பாலங்களுக்குப் பின்னால் இருப்பவையோ தம் பெயரில் பேசவே முடியாது, பாலத்தின் பெயரில்தான் வரும். கடைசியில் கெர்னலில் ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல் வந்தது. இந்த நிறுவனத்தின் இந்தச் சில்லுக்கு இப்படியும் ஒரு பெயர் உண்டு என்று வரிவரியாக. இன்றும் அந்தக் கோப்பில் புதிய வரிகள் சேர்கின்றன. ஊர்ப் பெயர்ப் பதிவேட்டில் "என்கிற" என்று எழுதுவார்களே, அதுதான்.

கம்பியில்லாத பஸ்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பிசிஐ உலகத்தில் பெயர் வைக்கும் முறையாவது ஒன்றே. ஆர்ம் உலகத்தில் அதுவும் இல்லை. ஆர்மின் காவலுக்கு எஸ்எம்எம்யூ என்று பெயர். அதற்கு வேண்டியது ஸ்ட்ரீம் ஐடி என்ற ஒரு எண். அந்த எண்ணை யார், எப்படி, எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்பதைச் சில்லு தயாரிப்பவரிடம் ஆர்ம் விட்டுவிட்டது.

நெட்வொர்க் பெட்டிகளுக்காக ஃப்ரீஸ்கேல் தயாரித்த, 2015இல் அந்நிறுவனம் என்எக்ஸ்பியோடு இணைந்த பின் அதன் பெயரில் வரும், லேயர்ஸ்கேப் சில்லுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஃப்எஸ்எல்-எம்சி என்று ஒரு பஸ் உண்டு. பஸ் என்று பெயர், கம்பி கிடையாது. சில்லுக்குள் மேலாண்மைப் பொறி ஒன்று தன் சொந்த நிரலோடு ஓடுகிறது. "எனக்கு ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும்" என்று கட்டளை அனுப்பினால், இருக்கும் வன்பொருள் வளங்களைச் சேர்த்து அது ஒரு நெட்வொர்க் கார்டை உருவாக்கிக் கொடுக்கும். வேண்டாமென்றால் கலைத்துவிடும். இந்தக் கருவிகளைக் கொள்கலன்களில் போட்டு வைக்கும். ஒவ்வொரு கொள்கலனுக்கும் ஒரு தனிமைப்படுத்தும் எண். கொள்கலனுக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அதே எண். ரேஷன் கார்டு மாதிரி: குடும்பத்துக்கு ஒன்று, யார் போய் நின்றாலும் அந்த எண்தான்.

இந்த எண் மேலாண்மைப் பொறியின் கணக்கு. எஸ்எம்எம்யூவின் கணக்கு வேறு. ஸ்ட்ரீம் ஐடிகள் எண்ணிக்கையில் குறைவு. அதே சில்லில் இருக்கும் பிசிஐ கார்டுகளுக்கும் யூஎஸ்பிக்கும் வட்டுக்கும் அதிலிருந்துதான் பங்கு. அதனால் கெர்னலுக்கு முன்பே ஓடும் பூட்லோடர் இவற்றைப் பிரித்து, யாருக்கு எந்த வரிசை என்று எழுதி வைக்கிறது. எழுதும் இடம் டிவைஸ் ட்ரீ. அதில் ஒரு வரிக்கு நான்கு எண்கள்: உள்ளே வரும் எண் எதில் தொடங்குகிறது, எந்தக் காவல், அந்தக் காவலின் கணக்கில் எதில் தொடங்குகிறது, எத்தனை எண்களுக்கு. முதலில் இது பிசிஐக்காக மட்டும் எழுதப்பட்டது. அதைத் தேடும் நிரலின் பெயரிலேயே பிசிஐ இருந்தது. 2018இல் எஃப்எஸ்எல்-எம்சிக்கும் அதே வரி போதும் என்று புரிந்தது. 2020இல் நிரலின் பெயரிலிருந்த பிசிஐ வாடையும் போய், எந்தக் கருவிக்கும் எந்த எண்ணுக்கும் என்று பொதுவானது.

தம்பி பார்த்த பத்துப் பன்னிரண்டு வரி செய்வது இதைத்தான். கருவியின் தனிமைப்படுத்தும் எண்ணை எடுத்துக்கொள். இந்தப் பஸ்ஸைச் சேராத முன்னோர் கிடைக்கும் வரை தாய்க் கருவி, அதன் தாய் என்று மேலே ஏறு. டிவைஸ் ட்ரீயில் பதிவு இருப்பது அந்த முன்னோருக்குத்தான், ஏனென்றால் கட்டளையில் பிறந்த கருவிகளுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. அங்கே இருக்கும் நான்கெண் வரியில் இந்த எண்ணைப் பொருத்து. வருவது ஸ்ட்ரீம் ஐடி. அதைக் காவலிடம் கொடு. கருவி குறுக்கீடு அனுப்பும் வாசலுக்கும் இதே போல் இன்னொரு வரி, இன்னொரு எண்.

"அப்ப நம்பர் கொடுக்குற அந்த மேனேஜருக்கு யாரு நம்பர் கொடுப்பா?" என்று அவன் அடுத்துக் கேட்டான். எனக்கு அந்தப் பையனை அன்று மிகவும் பிடித்துப்போனது.

மேலாண்மைப் பொறியும் நினைவகத்தில்தான் வாழ்கிறது. அதுவும் எஸ்எம்எம்யூ வழியாகவே போக வேண்டும். கெர்னல் எழுந்து காவலை இயக்கிய கணத்தில் மேலாண்மைப் பொறி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், பெயர் பதியாத அந்நியன் என்று காவல் அதையும் தடுக்கும். அதனால் சில பூட்லோடர்கள் கெர்னலைத் தொடங்கும் முன் மேலாண்மைப் பொறியை நிறுத்தி வைக்கின்றன. கெர்னல் எழுந்து, காவலை நிறுத்தி, மேலாண்மைப் பொறியின் சொந்த எண்ணைப் பதிந்த பிறகு, "இப்போ நீ ஓடலாம்" என்று விடுவிக்கிறது. இந்த ஏற்பாடும் 2020இல்தான் பஸ் டிரைவருக்குள் வந்தது. எல்லோருக்கும் எண் கொடுப்பவர் தன் எண்ணுக்காக வரிசையில் நிற்கிறார்.

அந்நியனுக்கு என்ன பதில்?

பெயரும் வரைபடமும் காவலும் இருந்தால் எல்லாம் முடிந்ததா? பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. லினக்ஸின் எஸ்எம்எம்யூ டிரைவர் 2013இல் வந்தது. பெயர் தெரியாதவர்களை அது ஆறு வருடம் இயல்பாக உள்ளே விட்டது. காரணம் புரியக்கூடியதே. பதிவு முழுமையாக இல்லாத பலகைகள் ஏராளம்; தடுத்தால் அவை எழுந்திருக்காது. 2019இல் 5.2 பதிப்பில்தான் இயல்பு தலைகீழானது: பெயர் தெரியாவிட்டால் தடு. அதன் பிறகு பல பலகைகள் தடுமாறின, விடுபட்ட வரிகளைத் தேடித் தேடி எழுத வேண்டியிருந்தது. அந்நியனை விடு என்பதும் தடு என்பதும் நிரலில் ஒரே ஒரு அமைப்பின் இரண்டு மதிப்புகள். பத்து வருட உழைப்பின் பயன் அந்த ஒன்றில் தொங்கியது.

காவலை ஏமாற்றும் வழிகளும் கூடவே வளர்ந்தன. 2019இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட தண்டர்கிளாப் ஆய்வு, நெட்வொர்க் கார்டாக நடிக்கும் ஒரு கருவியைத் தண்டர்போல்ட் துளையில் செருகிப் பார்த்தது. சில இயக்க முறைமைகள் காவலைச் சரியாகவே பயன்படுத்தவில்லை. லினக்ஸில் காவலை இயக்கியிருந்தாலும் ஒரு ஓட்டை இருந்தது. வேகத்துக்காகப் பிசிஐ எக்ஸ்பிரஸில், "இந்த முகவரியை நான் ஏற்கெனவே மாற்றிவிட்டேன், திரும்பப் பார்க்க வேண்டாம்" என்று கருவி சொல்ல ஒரு வசதி உண்டு. சொன்னால் காவல் நம்பியது. கொண்டுவந்த சீட்டில் பரிசோதித்தாயிற்று என்று வந்தவரே முத்திரை குத்திக்கொள்வது போல. செருகும் கருவிகளுக்கு அந்தச் சலுகையைப் பிறகு நிறுத்தினார்கள்.

இதைவிட எனக்கு உறைத்தது 2017இன் செய்தி. கூகுளின் புராஜெக்ட் சீரோ குழுவைச் சேர்ந்த கால் பெனியாமினி, பிராட்காமின் வைஃபை சில்லைக் காற்றின் வழியாகவே கைப்பற்ற முடியும் என்று காட்டினார். கைபேசியின் சொந்தக்காரர் எதையும் தொட வேண்டாம், எந்த இணைப்பையும் திறக்க வேண்டாம். சில்லு கைக்கு வந்த பிறகு அங்கிருந்து முதன்மைச் செயலியின் நினைவகத்துக்குப் போக வேண்டும். அவர் சோதித்த ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்த வாசலில் காவல் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இருந்தது, அனுப்புநர் எண் இருந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை.

இதனால்தான், வேகம் குறைகிறது என்று யாராவது காவலை அணைத்துவிடச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். வேகம் குறைவது பொய்யில்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வரைபடத்தில் ஒரு வரி எழுதி, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். அதிவேக நெட்வொர்க்கில் அந்தச் செலவு கணக்கில் தெரியும். காவலின் பயன் எந்தக் கணக்கிலும் தெரியாது. எதுவும் நடக்காமல் போன நாட்களை அளக்க வரைபடம் இல்லையே.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதன் சுருக்கம்தான். முதல் பெயர் செயலி கருவியைக் கூப்பிட. இரண்டாவது எண் கருவி தன்னைச் சொல்லிக்கொள்ள. மூன்றாவது எண் காவல் அதைப் புரிந்துகொள்ள. மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு பயத்துக்காக உருவாக்கினார்கள். நடுவில் இருக்கும் அட்டவணை அவர்களுக்குள் மொழிபெயர்க்கிறது. அதில் ஒரு வரி விடுபட்டால் கருவி வேலை செய்யாது. உடனே தெரிந்துவிடும், யாராவது திட்டுவார்கள், சரிசெய்வோம். ஒரு வரி தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் எல்லாமே அருமையாக வேலை செய்யும், யாரும் திட்ட மாட்டார்கள். பயப்பட வேண்டியது அந்த வரிக்குத்தான்.